எத்தனை குழந்தைகள்?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே என் நண்பர் ஒருவரின் மகளுக்குக் கலியாணம். கலியாணம் என்றால் முகூர்த்த நேரத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து எழுந்து, தாம்பூலப் பையுடன் பஸ் ஏறிவிடுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை நண்பர் விடவில்லை. "மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம். கதை எழுதுகிறவர் பார்க்க வேண்டிய விஷயம்" என்றார். எதைக் காட்டினாலும் எழுதிவிடுவான் என்று கதாசிரியர்களைப் பற்றி ஊரில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அது தவறில்லை என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையை இன்று பார்க்கிறவர்களுக்கு, இது ஏரிகளும் நெல் வயல்களும் நிறைந்த தொண்டைமண்டலத்துப் பூமி என்று சொன்னால் நம்புவது கடினம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, டயர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் போகின்றன. அவை போன பிறகு சாலையைக் கடந்து, ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதிற்சுவரை ஒட்டி நடந்தால் நண்பரின் கிராமம். நிலத்தில் பெரும் பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. நிலத்தோடு கிணறும் போயிற்று. கிடைத்த பணத்தில் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள்.

அந்த மாடி வீட்டின் கூடத்தில் அன்று சாயங்காலம் தரையை மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. குத்துவிளக்குக்கு முன்னால் ஒரு மணை. மணையின்மேல் மடிப்புக் கலையாத புதுப் புடவை, ரவிக்கைத் துண்டு, கண்ணாடி வளையல்கள், ஒரு பந்து மல்லிகை. தலைவாழை இலையில் சர்க்கரைப் பொங்கலும் வடையும். பழைய நாளாக இருந்தால் கிணற்றங்கரைக்குப் போய்ப் பூஜை செய்து, அவளை அழைத்துக் குடத்து நீரில் கொண்டுவருவார்களாம். கிணறு இல்லாததால் கொல்லையில் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயடிக்குப் போய் அழைத்தார்கள். எழுபத்தைந்து வயதான நண்பரின் தாயார்தான் குடத்தைச் சுமந்து வந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

இந்தப் பூவாடைக்காரி யார் என்று கேட்டேன். நண்பரின் மூத்த சகோதரி. 1978-ல் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது ஒன்பது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தாயாரிடமே கேட்டேன்: "ஒன்பது வயசுக் குழந்தைக்குப் புடவை எதற்கு, அம்மா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்தவன் இப்படிக் கேட்கிறானே என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்பதான் ஒம்போது, தம்பி. இப்ப இன்னா வயசு ஆவுதுன்னு பாரு. மொதல்ல பாவாட சட்டதான் வெச்சினு இருந்தேன். அப்பால தாவணி. இவன் கண்ணாலத்துக்குத்தான் மொத மொதல்ல பொடவ எடுத்தேன். இப்ப அவளுக்கும் வயசாயிடிச்சி. ரொம்பப் பளபளன்னு வாணாம், அரக்குல எடுங்கடான்னேன்."

மணைமேல் இருந்தது அரக்குப் புடவைதான். ஐம்பத்தைந்து வயது தாண்டிய பெண்மணி ஒருத்திக்குப் பொருத்தமான, அடக்கமான கரை போட்ட புடவை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களில் பூவாடைக்காரி வழிபாடு பல சாதியாரிடம் உண்டு. கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன அந்த வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. அவளுக்குக் கோயில் கிடையாது; பூசாரி கிடையாது; பெரும்பாலும் சிலையும் கிடையாது. கலியாணம் போன்ற சுப காரியத்துக்கு முன்னால் அவளுக்குத் துணி வைத்துப் படைக்க வேண்டும். படைத்த துணியை அந்த வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். சமூக ஆராய்ச்சிக்காரர்கள் இதை முன்னோர் வழிபாடு என்ற தலைப்பின் கீழ் அடக்கிவிடுவார்கள். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தை எப்படி முன்னோர் ஆவாள்? அன்று அந்தக் கூடத்தில் நான் கண்டது ஒரு முன்னோரை அல்ல. மகளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் ஒரு தாயைத்தான் கண்டேன்.

பெரியவர்கள் இறந்தால் நம்மிடம் காரியம் உண்டு, கருமாதி உண்டு, வருஷத் திதி உண்டு. துக்கத்துக்கு ஒரு கிரமம் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு அது இல்லை. எரிப்பதில்லை, கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பெரும்பாலும் கல்லும் நடுவதில்லை. ஊர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னொண்ணு பொறக்கும், எழுந்திரு" என்று சொல்லிப் போய்விடும். இந்த இடைவெளியைத் தொண்டைமண்டலத்துப் பெண்கள் ஒரு பாவாடைத் துணியால் இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

"அந்தக் காலத்தில் குழந்தை சாவது சகஜம், ஆகவே துக்கமும் குறைவாக இருந்திருக்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. சகஜம் என்பது உண்மைதான். நூறு வருஷத்துக்கு முன்பு இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் இருநூறு குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. 2020-ம் வருஷத்துக் கணக்கில் தமிழ்நாட்டில் அது பதின்மூன்று. பெரியம்மை 1975-ல் இந்தியாவை விட்டு ஒழிகிற வரையில் வீடு வீடாகப் புகுந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று. பத்துப் பெற்று நாலைக் காப்பாற்றிய தாய்மார்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

பிரெஞ்சு சரித்திர ஆசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960-ல் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு பிரசித்தமான புத்தகம் எழுதினார். எந்த நேரமும் இழக்கலாம் என்ற நிலையில் பழைய ஐரோப்பியப் பெற்றோர்கள் சிறு குழந்தைகளிடம் அதிகம் பற்று வைக்கவில்லை என்பது அவருடைய கட்சி. லிண்டா போலக் என்ற பெண்மணி 1983-ல் இதை மறுத்தார். பழைய நூற்றாண்டுகளில் சாதாரண மனிதர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தேடிப் படித்து, அவற்றில் பெற்றோரின் துயரம் நிரம்பி வழிவதை எடுத்துக் காட்டினார்.

நம் பாட்டிமார்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் அவர்களும் சாட்சியம் விட்டுப் போயிருக்கிறார்கள். அது நம்முடைய பெயர்களில் இருக்கிறது. குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, மூக்கன், மூக்காயி. இவை ஏதோ அழகில்லாத பழைய பெயர்கள் என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். முந்திப் பிறந்த குழந்தைகள் தக்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். யமன் பார்த்தால் யாரோ வேண்டாம் என்று எறிந்தது என நினைத்துப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு படி தவிட்டுக்குப் பிள்ளையை விற்று, மறுபடி வாங்கிக்கொள்வார்கள். மூக்கைக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பார்கள். பற்று இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? ஒவ்வொரு குப்புசாமிக்குப் பின்னாலும் பெயர் தெரியாத ஓர் அண்ணனோ அக்காவோ நிற்கிறார்கள். குப்புசாமி என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தாய் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

என் வீட்டு விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மூத்தவனாக ஓர் அண்ணன் பிறந்து, இரண்டு வயதில் இறந்துபோனான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு மாமி என் தாயாரிடம், "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டாள். "நாலு" என்றாள் அம்மா. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரன். "இல்லை மாமி, மூணுதான். ஒருத்தன் செத்துப் போயிட்டான்" என்று திருத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு அன்னியர் யார் கேட்டாலும் "மூணு" என்றே சொல்லி வந்தாள். அப்பாவோ, அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வாசல் திண்ணைக்குப் போய்விடுவார். அவர் சாகும் வரை அண்ணனின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

2011-ல் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு பள்ளி ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணமான பெண்களிடம் அதில் இரண்டு தனித் தனிக் கேள்விகள் உண்டு. பிறந்த குழந்தைகள் எத்தனை? இப்போது உயிரோடிருக்கும் குழந்தைகள் எத்தனை? அம்மா சற்றுத் தயங்கி, "ரெண்டையும் எழுதுவீங்களா?" என்றாள். "எழுதணும், அம்மா" என்றார் ஆசிரியை. "பிறந்தது நாலு. இருக்கிறது மூணு." ஆசிரியை இரண்டு கட்டங்களிலும் எழுதினார். சர்க்கார் காகிதத்துக்கு இருந்த நியாயம், பத்து வயதில் எனக்கு இல்லாமல் போயிற்று.

துக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு, முடியாவிட்டால் அது வியாதி என்ற எண்ணத்துக்குப் பெரிய ஆதரவு ஸிக்மண்ட் ஃப்ராய்டிடமிருந்து கிடைத்தது. 1917-ல் வெளியான கட்டுரையில் அவர் துக்கத்தை ஒரு வேலையாக வர்ணித்தார். போனவரிடமிருந்து மனம் சிறிது சிறிதாகத் தன் பற்றை விலக்கிக்கொண்டு விடுதலை பெறும் என்றார். மூன்று வருஷம் கழித்து, 1920 ஜனவரியில், அவருடைய மகள் ஸோஃபி இன்ஃப்ளுயன்ஸாவில் இறந்தாள். 1923-ல் அவளுடைய சின்ன மகனும் போனான். 1929-ல் பின்ஸ்வாங்கர் என்ற டாக்டர் நண்பர் தம் மகனை இழந்தபோது, ஃப்ராய்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்று ஸோஃபியின் பிறந்த நாள். இருந்திருந்தால் முப்பத்தாறு வயது. கடுமையான துக்கம் அடங்கும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படி நிரம்பாமல் இருப்பதே சரி என்ற கருத்தை அதில் தெரிவித்தார். கட்டுரை எழுதியவர் விஞ்ஞானி. கடிதம் எழுதியவர் தகப்பனார். மகளுக்கு என்ன வயது ஆகியிருக்கும் என்று வியன்னா நகரத்து மேதையும் கணக்கு வைத்திருந்தார். ஒரகடத்துக் கிழவியும் வைத்திருக்கிறார்.

1996-ல் அமெரிக்காவில் டென்னிஸ் கிளாஸ் முதலான மூவர் சேர்ந்து வெளியிட்ட நூல் ஒன்று, இறந்தவரோடு உறவு தொடர்வது நோயல்ல, இயல்பு என்று வாதாடியது. கிளாஸ் பிள்ளையை இழந்த பெற்றோர்களோடு பல வருஷம் பழகியவர். துக்கம் உடம்பையும் விடுவதில்லை என்பதற்கு டென்மார்க்கில் கணக்கு எடுத்திருக்கிறார்கள். 1980 முதல் 1996 வரையில் பிள்ளையைப் பறிகொடுத்த 21,062 பெற்றோர்களின் கதியைப் பதிவேடுகளிலிருந்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட தாய்மார்களிடையே மரணம் மற்றவர்களைவிட அதிகம். அந்த ஆபத்து பல வருஷம் நீடித்தது. நம் ஊரில் "பிள்ளைச் சோகம் உருக்கிவிட்டது" என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

சாந்தமாக ஒரு கூடத்தில் நடக்கும் பூவாடைக்காரி படையலைச் சொன்னேன். அதே காரியத்தை நடுத்தெருவில் செய்ய வேண்டியவர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கும்பகோணம் காசிராமன் தெரு கிருஷ்ணா பள்ளியில் 2004 ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை, தீப்பிடித்தது. சத்துணவுக் கூடத்துக் கூரையில் பற்றிய நெருப்பு மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டு. தொண்ணூற்று நாலு குழந்தைகள் இறந்தார்கள்.

அந்தப் பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறார்கள். குழந்தைகளின் படங்களை வரிசையாக வைத்து மாலையிடுகிறார்கள். தன் பிள்ளைக்குப் பிடித்த பண்டத்தைப் படத்துக்கு முன்னால் வைக்கிறார்கள். பாலக்கரையில் நினைவு மண்டபம் இருக்கிறது, அங்கேயும் போகிறார்கள். சாயங்காலம் விளக்கேந்தி மகாமகக் குளத்துக்கு ஊர்வலம் போவதும் உண்டு. இதை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு தேதி, ஓர் இடம், ஒரு படையல் என்று அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள்.

வழக்கு பத்து வருஷம் கழித்து 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர்க் கோர்ட்டில் முடிந்தது. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேருக்கு விடுதலை. 2017-ல் சென்னை ஹைக்கோர்ட்டு மேல் முறையீட்டில் சிலரை விடுவித்து, சிலருடைய தண்டனையைக் குறைத்தது. இதற்கிடையில் 2009 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, இந்தத் தீ விபத்தை முன்னிட்டு எழுந்த வழக்கில், நாட்டிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் தீப் பாதுகாப்பு வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜூலை 16-ஐக் குழந்தைகள் பாதுகாப்பு தினமாக அறிவிக்க வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். "இத்தனை வருஷம் ஆச்சே, இன்னுமா?" என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற வீட்டுக் குழந்தைகள் பத்திரமாயிருக்கட்டும் என்று கேட்கும்போது, அந்தத் தாய் தன் குழந்தைக்கு உலகத்தில் இன்னும் ஒரு வேலை வாங்கித் தருகிறாள்.

அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நாகப்பட்டினக் கரையெல்லாம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனபோது, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு மறுபடி கருப்பைக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷனைத் தமிழக அரசு இலவசமாகச் செய்ய முன்வந்தது. நல்ல காரியம். அதனால் சில வீடுகளில் மறுபடி தொட்டில் ஆடியது. ஆனால் புதிதாகப் பிறந்த குழந்தை பழைய குழந்தையின் இடத்தில் பிறப்பதில்லை. தன் இடத்தில்தான் பிறக்கிறது. பழைய இடம் அப்படியே இருக்கிறது. குப்புசாமிகளின் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கலியாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், சும்மா இருக்க முடியாமல் ஸ்ரீபெரும்புதூர் வரை போய் வந்தேன். ராஜீவ் காந்தி நினைவகம் அங்கே இருக்கிறது. 2003-ல் ஜனாதிபதி அப்துல் கலாம் திறந்து வைத்தது. ஏழு தூண்கள் வானத்தை நோக்கி நிற்கின்றன. வருஷந்தோறும் மே 21-ல் தலைவர்கள் வந்து மலர் வைக்கிறார்கள். 1991-ல் அந்த இரவில் அவரோடு பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள், கட்சித் தொண்டர்கள், ஒரு தாயும் அவளுடைய சிறு மகளும். தேசம் ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது இயற்கை. ஆனால் அந்த ஒவ்வொரு போலீஸ்காரரும் யாரோ ஒருவருக்கு மகன். மே 21 அந்த வீடுகளிலும் வருஷா வருஷம் வந்திருக்கும். அங்கே தூண்கள் இருக்காது. சுவரில் ஒரு படம் இருந்திருக்கும், அதற்கு ஒரு முழம் பூ.

கலியாணத்தன்று காலையில் மணப்பெண் கூரைப் புடவைக்கு மாறுவதற்கு முன்னால், படைத்த அந்த அரக்குப் புடவையைத்தான் உடுத்தியிருந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த நிறம் கொஞ்சம் மூப்புத்தான். பாட்டி குனிந்து பேத்தியின் கொசுவத்தைச் சரிசெய்தார். செய்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அவர் யாரைப் பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தியில் பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பேச்சுவாக்கில், "ஒனக்கு எத்தினி புள்ளைங்க, யக்கா?" என்று அவரைக் கேட்டாள்.

"அஞ்சு."

என் நண்பர் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றார். அவர்கள் நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நண்பர் திருத்தவில்லை. "பெரியக்காதான் மூத்தவங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வயதில் நான் செய்த காரியத்தை எண்ணிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். நான் விசாரித்த வரையில் பூவாடைக்காரி பெண்களுக்கு உரிய வழிபாடு. எங்கள் சீமையில் அந்த வழக்கமும் இல்லை. ஆகவே இரண்டு வயதில் போன ஆண் பிள்ளைக்கு என் தாயார் வைப்பதற்கு ஒரு துணி இல்லை, ஒரு நாள் இல்லை. அந்த ஒரு "நாலு" என்ற சொல்தான் இருந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இரவு மணி ஒன்பது. அம்மா தூங்கவில்லை. கலியாணச் சமாசாரமெல்லாம் விசாரித்தாள். பட்சணம் என்ன, கூட்டம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். சொல்லிவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சட்டென்று கேட்டேன்:

"அம்மா, அண்ணாவுக்கு இப்போ என்ன வயசு இருக்கும்?"

அவள் விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை.

"வர்ற ஐப்பசிக்கு ஐம்பது முடியறது" என்றாள்.